ரத்தம் எங்கே கசிகிறது? எல்லைப்புற மலைகளில் சோகையும் குடல் அழற்சியும்

கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கூறுகிறது. தமிழ்நாட்டில் அது 53.4 விழுக்காடு, நாடு முழுவதற்கும் 57. இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த எண்களின் நிழலில்தான் வாழ்கின்றன. மூன்றில் ஒருவருக்கோ இரண்டில் ஒருவருக்கோ இருக்கும் ஒன்றை வீட்டார் நோயாகவே எண்ணுவதில்லை. "ஹெச்.பி. எட்டுதான் இருக்கு, பொம்பளைகளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்பதோடும் ஓர் அட்டை மாத்திரையோடும் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு அங்கே முடியக் கூடாத சிலரைப் பற்றியது இந்தக் கட்டுரை. குடலில் நாள்பட்ட அழற்சி உள்ளவர்கள் அவர்கள். அவர்களுடைய சோகை உண்டாகும் விதம் வேறு, கண்டறியும் அளவுகோல் வேறு, தீர்க்கும் வழியும் வேறு. சோகை ஊரெங்கும் பரவிக் கிடப்பதாலேயே அவர்களுடைய சோகை யார் கண்ணிலும் படாமல் போகிறது.

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறாமல், 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவை கேரளத்தில் சேர்ந்தன. மலையில் வாழ்பவர்களுக்குச் சிகிச்சைப் பாதைகள் இன்றும் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. போடிமெட்டு இறங்கித் தேனி மருத்துவக் கல்லூரிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் உண்டு. அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரி வழியாகக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. பாலக்காட்டுப் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிக்காரர்களுக்குச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியைத் தாண்டினால் கோவைதான். ஒரே நோயாளியின் சோதனைத் தாள்கள் இரண்டு மாநிலங்களின் ஆய்வகங்களில் சிதறிக் கிடக்க இந்தப் பாதைகளே காரணமாகின்றன. ஆண்டுக்கணக்கில் எண்களைத் தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும் ஒரு நோய்க்கு இது பெரிய கெடுதல்.

தோட்டத்துக்கும் சோகைக்கும் உள்ள உறவு பழையது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை வாட்டிய கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் வேலையைத் தொடங்கியது. 1920-களில் அதே முயற்சி சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் வந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வேலை செய்தவர்களின் பாதத் தோல் வழியே புழு நுழைந்து, குடலில் பல்லைப் பதித்து, ரத்தத்தை உறிஞ்சியது. தோட்டத் தொழிலாளி வெளுத்திருந்தால் புழு மாத்திரை கொடு, இரும்பு கொடு என்ற மருத்துவ வழக்கம் அந்த அனுபவத்தில் பிறந்தது. அது தவறில்லை, இன்றும் பலருக்கு அதுவே சரியான சிகிச்சை. ஆனால் அதே புழு மாத்திரையையும் அதே இரும்பு மாத்திரையையும் மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால், நோயாளி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கடிந்துகொள்வது மருத்துவம் ஆகாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

குடல் அழற்சி நோய் இரண்டு வடிவங்களில் வருகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்குகிறது. க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம்; சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்குப் பிடித்த இடம். முதலாவதில் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். "சளியும் ரத்தமுமாப் போகுது" என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்தும் அது மூலச்சூடாகவே கருதப்படுகிறது. மோர், வெந்தயம், நாட்டு மருந்துக்கடைச் சூரணம் என்று மாதங்கள் கழிகின்றன. க்ரோன் நோயிலோ ரத்தம் வெளியே தெரியாமலே கசியலாம். வயிற்றுவலி, விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைவு என்று வரும். நம் நாட்டில் இதே அடையாளங்களோடு வருவது குடல் காசநோய். இரண்டும் சிறுகுடலின் அதே மூலையைத்தான் பிடிக்கின்றன. திசுச் சோதனையிலும் பல நேரம் பிரித்தறிய முடியாமல், காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பிறகே க்ரோன் என்று தெரியவருபவர்கள் இந்தியாவில் ஏராளம். அந்த மாதங்களிலும் இரும்பு கசிந்துகொண்டேதான் இருக்கும்.

இது மேலைநாட்டு நோய், நமக்கு வராது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களிடையே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் புதிதாக வரும் விகிதம் உள்ளூர் வெள்ளையரைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று 1992-இல் வெளிவந்த ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் குடல் அழற்சி நோயாளிகள் 1990-இல் சுமார் 1.3 லட்சம், 2019-இல் 2.7 லட்சம். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்நோயாளிகளில் 24 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சோகைக்கு இரும்புக் குறைவு காரணம். உணவிலேயே இரும்பு குறைந்த நம் ஊரில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இரும்பின் வரவு செலவைப் பார்த்தால் காரணம் விளங்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம்தான் உடலில் சேர்கிறது. இயல்பான இழப்பும் அவ்வளவே. புண்பட்ட குடலிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் ரத்தம் கசிந்தால் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடும். ஒரு தேக்கரண்டி ரத்தம் மலத்தில் கலந்து போனால் யாருக்கும் தெரியாது. அன்றைய வரவு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு அதற்கு மேலும் செலவு இருக்கிறது.

இத்தோடு நின்றால் மாத்திரை போதும். நிற்பதில்லை. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. இது 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. டாமஸ் கான்ஸ், எலிசபெட்டா நெமத் ஆகியோரின் குழு 2004-இல் அது வேலை செய்யும் விதத்தை விளக்கியது. குடல் செல்லிலிருந்தும், பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பைச் சேமிக்கும் செல்லிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்குள் வருவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அதன் பெயர் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அந்த வாசலை மூடிவிடுகிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடல் கற்றுக்கொண்ட தற்காப்பு இது. கிருமியே இல்லாத நாள்பட்ட அழற்சியில் அதுவே கேடாக முடிகிறது. பத்தாயத்தில் நெல் இருக்கிறது, பூட்டுச் சாவிதான் இல்லை. வீட்டில் உலை வைக்க முடியவில்லை. சாப்பிட்ட மாத்திரையின் இரும்பும் உள்ளே ஏறாமல் குடலிலேயே தங்குகிறது.

இந்தப் பூட்டினால்தான் சோதனைத் தாளைப் படிப்பதிலும் பிழை நேர்கிறது. ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். 48 கிலோ எடையுள்ள பெண். ஹீமோகுளோபின் 8.4. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 32. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 64. ஆய்வகம் அச்சிட்டிருக்கும் இயல்பான வரம்பு 13 முதல் 150 வரை என்பதால் ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. அவசரமாகப் பார்ப்பவர் 'இரும்பு சரியாக இருக்கிறது' என்று தாளை மடித்துவிடுவார். ஆனால் ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பை மட்டும் காட்டுவதில்லை, அழற்சி வந்தாலும் ஏறும். சிஆர்பி 32 என்றால் அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது. அந்த 64 ஊதிப்போன எண். குடல் அழற்சிக்கான ஐரோப்பிய அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டல் இதற்குத் தெளிவான எல்லை வகுத்தது. அழற்சி அடங்கியிருக்கும்போது ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைவு. அழற்சி இருக்கும்போது 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது ட்ரான்ஸ்ஃபெரின் செறிவு. அதே தாளில் சீரம் இரும்பு 28, மொத்த இரும்பு பிணைப்புத் திறன் 270 என்றால், முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் 10.4 விழுக்காடு வரும். 20-க்குக் கீழே இருந்தால் ரத்தத்தில் ஓடும் இரும்பு போதவில்லை. இந்தப் பெண்ணுக்கு இரும்புக் குறைவும் அழற்சிச் சோகையும் சேர்ந்தே இருக்கின்றன. ஃபெரிட்டின் 100-க்கு மேலும் செறிவு 20-க்குக் கீழும் இருந்திருந்தால் அழற்சியே முதற்காரணம் என்று கொள்ளலாம். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து இவற்றில் எதையும் சொல்ல முடியாது. ஃபெரிட்டினோடு சிஆர்பியும் ட்ரான்ஸ்ஃபெரின் செறிவும் இல்லாத சோகைப் பரிசோதனையைக் குடல் நோயாளிக்கு அரைகுறைப் பரிசோதனை என்றே சொல்வேன்.

அட்டப்பாடிக்குப் போனால் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். இருளர், முடுகர், குறும்பர் வாழும் அந்த மலையில் அரிவாள் செல் நோய் இருக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானதே பக்கத்து நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். அந்த நோயில் சிவப்பணு உடைந்து சோகை வருகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு உடலில் இரும்பு மிகுந்தும் இருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு கொடுப்பது அவருக்குத் தீங்கு. அதே நேரம், அரிவாள் செல் உள்ளவருக்கு இரும்புக் குறைவே வராது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குடல் நோயிலும் சோகைக்கு இரும்பு மட்டுமே காரணமல்ல. க்ரோன் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படாது. சல்ஃபாசலசின் மாத்திரை ஃபோலேட்டைக் குறைக்கும். அசத்தியோப்ரின் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும். இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுக்கிறது, பி12 குறைவில் பெரிதாகிறது. இரண்டும் சேர்ந்தால் அளவு இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

இனி சிகிச்சை. மாத்திரைக்கு இடமே இல்லை என்பதல்ல. அழற்சி அடங்கியிருக்கிறது, ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கிறது, முன்பு மாத்திரை ஒத்துக்கொண்டது என்றால் மாத்திரை போதும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் வேண்டாம். ஸ்விட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் 2017-இல் செய்த ஆய்வில், தினமும் சாப்பிட்டபோது 16.3 விழுக்காடு உறிஞ்சப்பட்ட இரும்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டபோது 21.8 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. முதல் நாள் மாத்திரையே ஹெப்சிடினைத் தூண்டிவிடுவதுதான் காரணம். அவர்கள் குடல் நோயாளிகள் அல்லர். ஆனாலும் மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடுபவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கு உதவும். மாத்திரையால் மலம் கறுக்கும். அதை ரத்தப்போக்கென்று பயப்படுகிறவர்களும் உண்டு, உண்மையான ரத்தப்போக்கை மாத்திரைக் கறுப்பென்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தேயிலை மண்ணில் தேநீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சோற்று உணவிலிருந்து 10.8 விழுக்காடு உறிஞ்சப்பட்ட இரும்பு, கூடவே தேநீர் குடித்தபோது 2.5 விழுக்காடாகச் சரிந்ததாகத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-இல் காட்டினார்கள். கட்டஞ்சாயாவை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் நல்லவைதான். ஆனால் நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது 5 மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பு. உறிஞ்சப்படுவது அதிலும் சிறு பங்கு. கசிவும் பூட்டும் உள்ள உடலை உணவால் மட்டும் மீட்க முடியாது.

நோய் தீவிரமாக இருக்கும்போதும், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்கும்போதும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோதும் இரும்பை நரம்பு வழியாகவே ஏற்ற வேண்டும். நம் மாதிரித் தாளின் பெண்ணுக்கு எவ்வளவு வேண்டும்? எடையையும் ஹீமோகுளோபினையும் வைத்துக் கணக்கிடும் கான்சோனி சூத்திரத்தில் போட்டால் சுமார் 1,260 மில்லிகிராம் வருகிறது. 70 கிலோவுக்குக் குறைந்த எடையும் 7-க்கும் 10-க்கும் இடைப்பட்ட ஹீமோகுளோபினும் உள்ளவருக்கு ஐரோப்பிய வழிகாட்டலின் எளிய அட்டவணை 1,500 என்கிறது. 'ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திக்கிட்டா சரியாயிரும்' என்று நம்புபவர்கள் அறிய வேண்டிய கணக்கு இது: ஒரு பாட்டில் ரத்தத்தில் இருக்கும் இரும்பு 200 முதல் 250 மில்லிகிராம். உயிருக்கு ஆபத்தான சோகையில் ரத்தம் தேவை; சேமிப்பை நிரப்ப அது போதாது.

அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைப்பது அயர்ன் சுக்ரோஸ். ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் என்றால் 1,500-க்கு எட்டு தடவை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸ் ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். கால் மணி நேரம் போதும், ஒரு வாரம் கழித்து இன்னொரு 500. குடல் அழற்சி நோயாளிகள் 485 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வில், ஹீமோகுளோபின் 2 கிராம் உயர்ந்தவர்கள் கார்பாக்சிமால்ட்டோஸ் பிரிவில் 65.8 விழுக்காடு, சுக்ரோஸ் பிரிவில் 53.6. கார்பாக்சிமால்ட்டோஸுக்கு ஒரு குறை உண்டு: ரத்தத்தில் பாஸ்ஃபேட்டைக் குறைக்கும். திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவருக்கு எலும்பு வலியோ தளர்ச்சியோ வந்தால் பாஸ்ஃபேட் பார்க்க வேண்டும். ஒவ்வாமை அரிது, ஆனாலும் ஏற்றி முடித்தபின் அரை மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். தீவிரத் தொற்று இருக்கும்போது ஏற்றக் கூடாது. காசநோயா க்ரோனா என்ற கேள்வி தீராத நோயாளியிடம் இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்பு எடை.

எட்டு தடவைக்கும் இரண்டு தடவைக்கும் உள்ள வித்தியாசம் மருத்துவ இதழ்களில் வசதி என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். தோட்டத்தில் அது எட்டு நாள் கூலி. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. கூலியை விட்டு எட்டு தடவை மலை இறங்கி ஏற அவர்களால் முடியாது. தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். அடிக்கடி வயிற்றால் போகும் நோயுள்ள ஒருத்திக்கு ஜீப்பிலும் வழியில்லை, காட்டிலும் கழிப்பறை இல்லை. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். உள்ளே வரும் கொஞ்ச இரும்பும் அப்படி நின்றுபோகிறது.

இந்த நிலைமையை மாற்றப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. நரம்பு வழி இரும்பு ஏற்கெனவே தாலுகா ஆஸ்பத்திரிகளின் பிரசவ வார்டில் இருக்கிறது. 2018-இல் தொடங்கிய ரத்தச்சோகை ஒழிப்புத் திட்டம் கர்ப்பிணிகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. செவிலியர்களுக்கு ஏற்றும் பழக்கமும் இருக்கிறது. அதே மருந்து பொது வார்டில் படுத்திருக்கும் குடல் நோயாளிக்குக் கிடைக்காமல் போவதற்கு, சோகை என்றால் கர்ப்பிணியும் பள்ளிப் பிள்ளையும் மட்டுமே என்று திட்டங்கள் பழகிவிட்டது காரணம். அடிமாலி, நெடுங்கண்டம், பீருமேடு, சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் அட்டப்பாடியின் கோட்டத்தறை மருத்துவமனையிலும் ஃபெரிட்டின், ட்ரான்ஸ்ஃபெரின் செறிவு, சிஆர்பி மூன்றையும் பார்த்து அங்கேயே இரும்பு ஏற்ற முடிந்தால், பெரிய ஊருக்குப் போக வேண்டியது கொலோனோஸ்கோபிக்கும் நிபுணர் ஆலோசனைக்கும் மட்டும்தான். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. அந்தக் கடமை புழு மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது.

ஏற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் உயர வேண்டும். ஃபெரிட்டினை எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். நோய் அடங்கியவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், தீவிரமாக உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் மறுபடி 100-க்குக் கீழே இறங்கினால் சோகை திரும்புவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். குடல் அழற்சி அடங்காமல் சோகை நிலையாகத் தீராது என்பதால், அழற்சிக்கான மருந்தை இடையில் விடவும் கூடாது.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் யாராவது மூன்று மாதம் ஒழுங்காக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாத்திரையின் பெயரை மாற்றிக்கொண்டு வராதீர்கள். ஃபெரிட்டின், ட்ரான்ஸ்ஃபெரின் செறிவு, சிஆர்பி என்ற மூன்று சோதனைகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மலத்தில் ரத்தம் போவதையும் ராத்திரியில் எழுந்து வெளிக்குப் போக வேண்டியிருப்பதையும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு வந்தால் குடலைப் பரிசோதிக்காமல் விடவே கூடாது. எல்லைக்கு எந்தப் பக்கம் காட்டினாலும் எல்லாச் சோதனைத் தாள்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கையோடு கொண்டுபோங்கள்.